கரையேறிய கனவான்

உலகத்தில் ஊர் பார்க்கப் புறப்படுகிறவர்கள் பல திறத்தினர். மூட்டை முடிச்சைத் தோளில் மாட்டிக்கொண்டு, கிடைத்த இடத்தில் உண்டு, கிடைத்த திண்ணையில் உறங்கி, ஊராரோடு ஊராராகக் கலந்துவிடுகிறவர்கள் ஒரு வகை. தெய்வத்தை உத்தேசித்துப் போய், வழியில் உள்ள ஊர்களை உபரி லாபமாகக் கண்டு வருகிறவர்கள் மற்றொரு வகை. ஆனால் தம் கட்டிலையும், குளியலறையையும், போஜன சாலையையும், நீச்சல் குளத்தையும், தம்மை ஒத்த இரண்டாயிரம் சகப் பிரயாணிகளையும் கூடவே கொண்டுவந்து, ஒரு புராதன நகரத்தின் வாசலில் காலையில் இறங்கி, மாலைக்குள் அந்த நகரத்தை முடித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டின்போது அடுத்த நகரத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தொடங்கிவிடுகிற ஓர் இனம், உல்லாசக் கப்பல்களின் புண்ணியத்தால் பெருகி வருகிறது. அந்த இனத்தின் உத்தமப் பிரதிநிதியைத் தரிசிக்க விரும்புகிறவர்கள், கொலம்பியா நாட்டின் கரீபியக் கடற்கரையிலே, பனாமாக் கால்வாயை நோக்கிப் போகும் கப்பல்களும் அங்கிருந்து திரும்பும் கப்பல்களும் ஒரு பகற்பொழுது தங்கிப் போகிற கார்த்தஹேனாத் துறைமுகத்தில் போய் நின்றால் போதும்.

அவர் எந்தத் தேசத்தவர் என்பது முக்கியமல்ல. உத்தியோகத்திலிருந்து கௌரவமாக ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடித்தவர். "சற்று உலாவி வாருங்கள்" என்று வைத்தியர் சொன்னதற்கு அட்லாண்டிக் மகாசமுத்திரம் வரையில் பொருள் விரித்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். தலையில் நாடா வைத்த தொப்பி. கால்சட்டையில் எண்ணற்ற பைகள். கழுத்தில் தொங்குவது கப்பல் அட்டை. அறைக் கதவைத் திறப்பதும், அருந்திய பானத்துக்குக் கணக்கு வைப்பதும், ஐயா இந்நேரம் கப்பலில் இருக்கிறாரா கரையில் இருக்கிறாரா என்று மாலுமிகளுக்கு அறிவிப்பதும் அந்த அட்டைதான் ஆகையால், அவர் தம் பெயரை மறந்தாலும் மறப்பாரேயொழிய அட்டையை மறக்கமாட்டார். அவருடைய மெய்யான சொத்து, வங்கியில் இருப்பதன்று. அதுவரை கண்ட நாடுகளின் எண்ணிக்கையே ஆகும். புதிதாக ஒருவரைச் சந்தித்தால் குலம் கோத்திரம் விசாரிப்பதற்கு முன், "எத்தனை நாடு ஆயிற்று?" என்றுதான் விசாரிப்பார், எதிராளியின் எண்ணிக்கை தம்முடையதைவிடக் குறைவாயிருந்தால் அவரிடம் பரிவும், கூடுதலாயிருந்தால் அவருடைய வாய்மையில் சந்தேகமும் கொள்வார்.

கார்த்தஹேனாவைப் பார்க்க வேண்டிய விதத்தில் பார்க்கத் தொடங்குவதற்கு இடம் கரையன்று, கடல்தான். அதன் விரிகுடாவுக்கு இரண்டு வாய்கள் உண்டு. நகரத்தை ஒட்டியிருக்கும் அகலமான வாய்க்குப் பொகாகிராண்டே என்று பெயர். தெற்கே தள்ளியிருக்கும் குறுகலான வாய்க்குப் பொகாச்சிகா என்று பெயர். அகலமான வாய் பகைவனுக்கும் அகலமானதே என்பதைப் பட்டு அறிந்த ஸ்பானியர்கள், 1771 முதல் 1778 வரையில், அந்தோனியோ தெ அரேவலோ என்ற எஞ்சினியரின் மேற்பார்வையில், பொகாகிராண்டேயின் அடியிலே ஜலத்துக்குள் ஒரு சுவரை எழுப்பி அதைப் பெரிய கப்பல்களுக்கு அடைத்துவிட்டார்கள். அன்று முதல் இன்றுவரை பெருங்கப்பல் எதுவானாலும், சான் ஃபெர்னாண்டோ, சான் ஹோசே என்ற இரண்டு கோட்டைகளுக்கு நடுவே, பொகாச்சிகாவின் இடுக்கான வழியாகத்தான் நுழைந்தாக வேண்டும். வலப்பக்கம் ஒரு கோட்டையும் இடப்பக்கம் ஒரு கோட்டையுமாக, பீரங்கித் துவாரங்கள் நம்மையே பார்த்துக்கொண்டிருக்க, விடியற்பொழுதில் மேல்தட்டில் நின்றபடி அந்த வழியைக் கடப்பது, கட்டணமும் வழிகாட்டியும் இல்லாமலே கிடைக்கிற சரித்திரப் பாடம். அந்தப் பாடம் நடக்கும் வேளையில் நம் கனவான், ஒன்பதாவது தளத்திலுள்ள போஜன சாலையில், ஆம்லெட் வார்க்கும் வரிசையில் தமக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருப்பார்.

கப்பல் மாங்கா என்னும் பகுதியில், சரக்குப் பெட்டிகளையும் பாரந்தூக்கிகளையும் ஒட்டிக் கட்டப்படும்போதுதான் அவர் வெளியே வருவார். வந்ததும், தூரத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கிற புதுக்கால அடுக்குமாடிகளைப் புராதன நகரமென்று கருதிக் கைப்பேசியில் ஒரு படம் பிடித்து, "கார்த்தஹேனா: பார்த்தாயிற்று" என்ற வாசகத்துடன் உற்றார் உறவினர் அனைவருக்கும் அனுப்பிவிடுவார். அப்போது மணி ஏழரை. கரையில் கால் வைக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்.

அதற்கு முந்திய நாள் மாலையில் கப்பலின் நாடக சாலையில், "துறைமுகத்தை அறிவோம்" என்ற பாவனையில் ஓர் உபந்நியாசம் நடந்திருக்கும். மரகதம் எந்தக் கடையில் வாங்கவேண்டும், எந்தக் கடையில் வாங்கக்கூடாது, எந்தக் கடையில் இலவசமாக ஒரு சிறு பதக்கம் கொடுப்பார்கள் என்பன விஸ்தாரமாக விளக்கப்பட்ட பிறகு, எஞ்சிய ஐந்து நிமிஷத்தில் நகரத்தின் ஐந்நூறு வருஷச் சரித்திரமும் சொல்லப்பட்டிருக்கும். ஆகவே நம் கனவான் தகுந்த ஆயத்தத்துடனேதான் இறங்குகிறார். சட்டையில் 17 என்று எண் ஒட்டப்பட்டிருக்கிறது. அதே எண் எழுதிய மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழிகாட்டி முன்னே செல்ல, சுவாமி புறப்பாட்டில் திருக்குடையின் பின்னே ஜனங்கள் நகர்வது போல, நாற்பது பேர் அந்த மட்டையின் பின்னே நகர்கிறார்கள். உள்ளூற எல்லாரையும் ஆட்டி வைப்பது ஒரே பயம்: கப்பல் தானே ஏற்பாடு செய்த சுற்றுலாக் கூட்டத்துக்காகக் காத்திருக்கும், தனியாகச் சுற்றப் போனவர்களுக்காகக் காத்திராது. போர்க்களத்துக்குப் புறப்படும் வீரன்கூடத் திரும்பி வரும் நேரத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டிருக்கமாட்டான்.

துறைமுக எல்லைக்குள்ளேயே ஒரு சிறு சோலை இருக்கிறது. பஞ்சவர்ணக் கிளிகளும், பூநாரைகளும், மயில்களும் அங்கே தாராளமாக உலாவுகின்றன. எதிரிலேயே காப்பிக் கடையும் ஞாபகப்பொருட் கடையும் இருப்பதால், பிரயாணிகளில் ஒரு பகுதியினர் அந்தச் சோலையோடு தென் அமெரிக்காவைப் பூர்த்தி செய்துகொண்டு கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள். நம் கனவான் அவர்களை இகழ்ச்சியோடு பார்ப்பார். ஏனென்றால் அவர் உள்ளபடியே நகரத்தைப் பார்க்கப் போகிறவர்.

வழிகாட்டி, பெரும்பாலும், சரித்திரத்தை முறையாகக் கற்று, சரித்திரத்தால் வயிறு வளர்க்க இயலாமல் இந்தத் தொழிலுக்கு வந்தவர். நாளெல்லாம் பேசத்தக்க விஷயம் அவரிடம் உண்டு. கிடைப்பதோ பேருந்து சிக்னலில் நிற்கும் அவகாசம். ஆகையால் 1533ஆம் வருஷத்தில் பெத்ரோ தெ எரேதியா இந்நகரத்தை ஸ்தாபித்ததையும், தென் அமெரிக்கப் பொன்னும் வெள்ளியும் ஸ்பெயினுக்குப் போகும் வழியில் இங்கே வந்து தங்கியதையும், அந்த வாசனை பிடித்து 1586இல் பிரான்சிஸ் டிரேக் வந்து, வீடுகளுக்குத் தீ வைத்து, தேவாலயத்தைப் பீரங்கியால் பிளந்து, மிச்சத்தை விட்டுவைக்க 1,07,000 டூக்கட் பிணைப்பணம் வாங்கிக்கொண்டு போனதையும், அதற்குப் பிறகே மதில் கட்டும் வேலை தொடங்கி இரண்டு நூற்றாண்டுகள் நீடித்ததையும் அவர் இரண்டு சிக்னல்களுக்குள் சொல்லி முடித்துவிடுவார். மதிலுக்கான செலவுக் கணக்கைப் பார்த்து மலைத்துப்போன ஸ்பெயின் மன்னர் ஒருவர், தூரதிருஷ்டிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அரண்மனைச் சாளரத்தில் நின்று, "இத்தனை பணம் விழுங்கிய மதில் இங்கிருந்தே தெரியவேண்டுமே!" என்று தேடினார் என்பதாக ஒரு கதையும் வழங்குகிறது. அந்தக் கதைக்கு மட்டும் பேருந்தில் எல்லாரும் சிரிப்பார்கள். கட்டட வேலையில் மதிப்பீட்டுக்கு மேல் செலவு செய்யாதவர்கள் எந்த நாட்டிலும் இலர் அல்லவா?

சான் லாஸரோ குன்றின்மேல் சான் ஃபெலிப்பே தெ பராஹாஸ் கோட்டை நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் குன்றின் உச்சியில் சிறியதாய்த் தோன்றி, பதினெட்டாம் நூற்றாண்டில் குன்றையே மூடிக்கொண்டு படர்ந்துவிட்ட கோட்டை அது. அதன் வயிற்றுக்குள் சுரங்க வழிகள் ஓடுகின்றன. ஒரு கோடியில் காலடி வைத்தால் மறுகோடியிலிருக்கும் காவலன் அறிந்துகொள்ளும்படி, ஒலி தாவிச் செல்லுமாறு அவற்றை அமைத்திருக்கிறார்கள். நம் கனவான் இந்தச் சிற்ப சாமர்த்தியத்தைப் பரீட்சித்துப் பார்க்கத் தவறுவதில்லை. சுரங்கத்தின் ஒரு கோடியில் நின்று, "தண்ணீர்ப் புட்டி உன்னிடமா என்னிடமா?" என்று அவர் கேட்க, மறுகோடியிலிருந்து, "உங்கள் தோளிலேயே தொங்குகிறது" என்று அவருடைய சகதர்மிணியின் மறுமொழி ஸ்பஷ்டமாக வந்து சேர்கிறது. ஸ்பானிய எஞ்சினியர்களின் உழைப்பு வீண்போகவில்லை.

குன்றின் அடிவாரத்தில் ஒரு வெண்கல வீரன் வாளை உயர்த்தி நிற்கிறான். அவன்தான் பிளாஸ் தெ லெஸோ. பல போர்களில் ஒரு காலையும் ஒரு கண்ணையும் இழந்து, ஒரு கையும் முடங்கிப்போனவன். 1741ஆம் வருஷத்தில் ஆங்கிலேய அட்மிரல் எட்வர்ட் வெர்னன், 180க்கும் மேற்பட்ட கப்பல்களோடும் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களோடும் இந்நகரத்தின்மேல் வந்து விழுந்தபோது, சில ஆயிரம் பேரை மட்டும் வைத்துக்கொண்டு எதிர்த்து நின்ற தளபதிகளில் அவன் முதன்மையானவன். பொகாச்சிகாக் கோட்டைகள் வீழ்ந்தவுடனேயே, நகரமும் வீழ்ந்துவிட்டதைப் போன்ற தோரணையில் வெர்னன் லண்டனுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். லண்டனில் கொண்டாட்டம் அமர்க்களப்பட்டது. வெர்னன் முன்னே லெஸோ மண்டியிடுவது போன்ற சித்திரத்துடன் வெற்றிப் பதக்கங்கள் வார்க்கப்பட்டன. இங்கேயோ, கோட்டைமேல் ஏறக் கொண்டுவந்த ஏணிகள் எட்டவில்லை. மழையும் விஷஜுரமும் படையைப் பாதியாக்கின. சில வாரங்களில் வெர்னன் கப்பலேறித் திரும்பிப் போனார். பதக்கங்கள் மட்டும் இன்றைக்கும் அரும்பொருட் சாலைகளில் பத்திரமாக இருக்கின்றன.

இந்த வரலாற்றைக் கேட்டு நம் கனவான் வயிறு குலுங்கச் சிரிப்பார். "ஊருக்குள் நுழைவதற்கு முன்பே ஊரைப் பிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் மனிதனைக் கண்டதுண்டா?" என்று பக்கத்திலிருப்பவரின் முதுகைத் தட்டுவார். அந்தச் சமயத்தில் அவர் சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசி, காலையில் அனுப்பிய படத்துக்கு உறவினர்கள் தெரிவிக்கும் பாராட்டுகளால் அதிர்ந்துகொண்டிருக்கும். சிரித்து முடித்ததும் அவர் வழிகாட்டியிடம் கேட்கிற சரித்திரக் கேள்வி: "மேலே கழிப்பறை உண்டா, ஐயா?"

பிறகு மணிக்கூண்டு வாயிலைக் கடந்து மதில் நகரத்துக்குள் நுழைகிறார்கள். வாயிலுக்குள்ளே இருக்கும் முதல் சதுக்கத்துக்கு இப்போது வண்டிச் சதுக்கம் என்று பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவந்த மனிதர்களை ஏலம் போட்டு விற்ற சந்தை இதுதான். ஸ்பானிய அமெரிக்காவில் அடிமைகளை இறக்குவதற்கு அனுமதி பெற்ற தலையாய துறைமுகங்களுள் இந்நகரம் ஒன்று. அப்படி இறக்கப்பட்டவர்களுள் ஒருவரான பெங்கோஸ் பியோஹோ தப்பியோடி, சுதந்திர மனிதர்களின் குடியிருப்பு ஒன்று உருவாக வழிகாட்டினார். 1621இல் இதே நகரத்தில் அவரைக் கொன்றார்கள். ஆனால் சான் பசீலியோ தெ பாலென்கே என்ற அவ்வூர் சாகவில்லை. அதன் தனி மொழியும் இசையும் வழக்கங்களும் யுனெஸ்கோவினால் மனித குலத்தின் மரபுச் செல்வமாக 2005இல் போற்றப்பட்டிருக்கின்றன. அந்த ஊர்ப் பெண்கள்தாம், மஞ்சளும் சிவப்பும் நீலமுமான பாவாடைகளை அணிந்து, பழம் நிறைந்த பாத்திரத்தைத் தலையில் சுமந்து, இச்சதுக்கங்களில் நின்றுகொண்டிருக்கிறவர்கள்.

வழிகாட்டி இதைச் சொல்லும்போது குரலைச் சற்றுத் தாழ்த்துவார். நம் கனவானும் தலையை ஆட்டுவார். மனம் இளகாதவர் அல்ல அவர். ஆனால் வண்ணப் பாவாடை கண்ணில் பட்டதும் கை தானாகக் கைப்பேசிக்குப் போய்விடும். படம் எடுத்துக்கொண்டால் சன்மானம் தரவேண்டும் என்று அந்த அம்மாள் நயமாகத் தெரிவித்தவுடன் அவருக்குள் உறங்கிக்கொண்டிருந்த வியாபாரி விழித்துக்கொள்வான். ஒரு டாலருக்கு ஆயிரக்கணக்கான பெஸோ கிடைக்கிற ஊரிலே, காலையில் சிறிதளவு மாற்றியதன் விளைவாக லட்சாதிபதியாகத் திகழும் அவர், ஒரு காப்பியின் விலைகூடப் பெறாத தொகைக்காக, கைவிரல்களாலும் புருவங்களாலும் கால்மணி நேரம் பேரம் பேசுவார். டிரேக்கிடமே பேரம் பேசிய நகரத்தின் சதுக்கத்தில் நிற்கும் அந்த அம்மாளுக்கு இது ஒன்றும் புதிதன்று. புன்னகை மாறாமல், சொன்ன தொகையையே மறுபடியும் சொல்வார்.

இந்த இடைவேளையில் நம் கனவானின் சகதர்மிணி காணாமற் போய்விடுவது வழக்கம். அந்த அம்மையாருக்கு நாடுகளின் எண்ணிக்கை நினைவிருப்பதில்லை. எதிரிலே தித்திப்பு மண்டபம் என்னும் வளைவுகளின் நிழலில், கண்ணாடிச் சாடிகளில் தேங்காய் மிட்டாயும் புளி உருண்டையும் விற்கும் ஒரு கிழவியின் அருகே அவர் உட்கார்ந்திருப்பார். இருவருக்கும் பொதுவான பாஷை எதுவும் இல்லை. ஆயினும், தேங்காயைத் துருவும் முறை, பாகு பதம், கிழவிக்கு எத்தனை பேரக் குழந்தைகள், அவர்களில் யார் படிக்கிறார்கள், யார் சேட்டை என்பன யாவும் பரிமாறப்பட்டிருக்கும். "எங்கே போய்விட்டாய்? மரகதக் கடைக்கு நேரமாகிறது!" என்று கனவான் வந்து அதட்டுவார்.

சான் பெத்ரோ கிளாவேர் தேவாலயத்துக்கு நிகழ்ச்சி நிரலில் ஒதுக்கிய நேரம் பத்து நிமிஷம். 1610இல் இந்நகரத்துக்கு வந்த அந்த இயேசு சபைத் துறவி, அடிமைக் கப்பல் துறையில் நங்கூரமிட்டதும், உணவும் மருந்தும் எடுத்துக்கொண்டு, வேறெவரும் இறங்கத் துணியாத கீழ்த்தளத்தின் துர்நாற்றத்துக்குள் இறங்கிப் போவாராம். "அடிமைகளுக்கு என்றென்றும் அடிமை" என்று தம்மையே குறித்துக்கொண்டார். 1654இல் மரித்து, 1888இல் புனிதராக உயர்த்தப்பெற்ற அவருடைய எலும்புகள் பீடத்தின் கீழே கண்ணாடிப் பேழையில் இருக்கின்றன. கப்பல் வந்தவுடன் கடலை நோக்கிப் போனவர் அவர். கப்பலிலிருந்து கரையை நோக்கி வருகிற நம் கனவானுக்கு அந்தப் பத்து நிமிஷத்தில் கிடைக்கிற பெரிய அனுபவம், உள்ளே வெயில் இல்லை என்பதே.

சாந்தோ தொமிங்கோ சதுக்கத்தில் ஃபெர்னாண்டோ போத்தேரோ வடித்த பருத்த வெண்கல நங்கை ஒருத்தி ஒய்யாரமாகப் படுத்திருக்கிறாள். தொட்டால் அதிர்ஷ்டம் என்று சொல்லக் கேட்டு ஆயிரக்கணக்கானவர்கள் தடவியதனால் அவளுடைய அங்கங்கள் சில பளபளக்கின்றன. கோட்டையில் எழாத உற்சாகம் இங்கே கூட்டத்தில் எழும்பும். வரிசையில் நின்று தடவிவிட்டு, "இனி அதிர்ஷ்டம்தான்!" என்று பூரிக்கும் நம் கனவானை, பேருந்து நேரே மரகதக் கடைக்குக் கொண்டுபோய் விடும். அங்கே குளிர்சாதனம் இருக்கும். குளிர்ந்த பானம் இருக்கும். சுரங்கத்தைப் போல ஜோடித்த ஓர் அறையும் இருக்கும். தலைநகருக்கு வடக்கே மலைநாட்டிலே முஸோ முதலிய இடங்களில் வெட்டியெடுக்கிற கற்களைப் பற்றிய உபந்நியாசம் இருக்கும். கோட்டையில் முப்பது நிமிஷம், தேவாலயத்தில் பத்து நிமிஷம் என்று கடிகாரம் பார்த்த நிகழ்ச்சி நிரல், இங்கே மட்டும் முக்கால் மணி நேரம் தாராளமாகச் சோம்பல் முறிக்கும். சீனு நதிப் பக்கத்துச் செனூ மக்கள் நாணல் நாரில் கறுப்பும் வெள்ளையுமாகப் பின்னுகிற தொப்பியை அவர் வெளியே வரும்போது வாங்குவார். வாங்கிய கணமே அதைப் பனாமாத் தொப்பி என்று அழைக்கத் தொடங்குவார். பனாமாத் தொப்பி எக்குவதோரில் பின்னப்படுவது என்பதை அவரிடம் சொல்வதற்கு வழிகாட்டிக்குத் தைரியம் இருக்கும், நேரம் இருக்காது.

அவர் பார்க்காமல் விட்டவற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. அநாமதேயக் குற்றச்சாட்டுகளை இரவில் வந்து போட்டுவிட்டுப் போகும் சிறு சாளரத்துடன் நிற்கும் மதவிசாரணை மாளிகை. சுதந்திரப் பிரகடனத்துக்காக 1811 நவம்பர் 11ஆம் தேதி கைவினைஞர்களும் தொழிலாளர்களும் திரண்டு புறப்பட்ட ஹெத்செமானித் தெருக்கள். இளமையில் இந்நகரத்துப் பத்திரிகையொன்றில் எழுதிப் பழகி, பின்பு 1982இல் நோபல் பரிசு பெற்ற கப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் அஸ்தி வைக்கப்பட்டிருக்கும் பழைய மடம் — இவை எல்லாம் அவர் பேருந்தில் கண்ணயர்ந்திருந்த வேளையில் சாளரத்துக்கு வெளியே நழுவிப் போயிருக்கும், அல்லது அவ்வளவும்கூட நேர்ந்திராது.

இரவு போஜன மேஜையில் பார்த்தால் அவர் கார்த்தஹேனா விஷயத்தில் நிபுணராகிவிட்டிருப்பார். "டுப்ரோவ்னிக்கின் மதில் இதைவிட உயரம், ஹவானா இதைவிடப் பெரிது, வெயில் அதிகம், படிகள் அதிகம், விற்பனைக்காரர்கள் மிக அதிகம், மொத்தத்தில் ஒருமுறை பார்க்கலாம்" என்று தீர்ப்பு வழங்குவார். எதிரே அமர்ந்திருப்பவர், தமது கூட்டத்தை வேறொரு மரகதக் கடைக்கு அழைத்துப் போனார்கள் என்றும் அங்கே விலை சரிபாதிதான் என்றும் சொல்லும்போதுதான், இந்நகரத்தைப் பற்றி அவருக்கு முதன்முதலாக ஒரு வருத்தம் உண்டாகும். அம்மையார் ஒன்றும் பேசாமல் கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து, மேஜையிலுள்ளவர்களுக்குத் தேங்காய் மிட்டாயைப் பகிர்ந்து கொடுப்பார்.

நம் கனவானைப் பொல்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கொடுக்கும் பணத்தால் வண்டியோட்டியும் வழிகாட்டியும் பழக்காரியும் பிழைக்கிறார்கள். டிரேக் வாங்கிக்கொண்டு போனார். இவர் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த அளவில் இந்நகரத்துக்குக் கடல்வழி வந்த விருந்தினர்களின் நடத்தை நானூறு வருஷத்தில் சீர்பட்டே இருக்கிறது. ஐந்நூறு வருஷத்தை எட்டு மணி நேரத்தில் அடைத்தவர் அவரல்லர், அவருக்குப் பிரயாணச் சீட்டு விற்றவர்கள். பார்க்காததற்காக அவரைக் குறை கூறுவது நியாயமன்று. பார்த்துவிட்டதாகச் சொல்வதுதான் அவர் செய்யும் பிழை. வெர்னனுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசமெல்லாம், வெர்னனின் பதக்கத்தைப் பொய்யென்று எடுத்துக்காட்ட ஒரு லெஸோ இருந்தான், இவருக்கு எதிரே நின்று மறுக்க ஆளில்லை என்பதே.

ஆகையால், என்றேனும் ஒரு பகற்பொழுது இத்துறைமுகத்தில் இறங்க நேரும் வாசகர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். கடைகளைப் பற்றிய உபந்நியாசத்தை விட்டுவிட்டு, 1741ஆம் வருஷத்து முற்றுகையைப் பற்றி நாலு பக்கம் படித்துவிட்டுப் படுங்கள். பொழுது விடியுமுன் எழுந்து மேல்தட்டுக்குப் போய்ப் பொகாச்சிகாவைப் பாருங்கள். ஆம்லெட் அதற்குப் பிறகும் கிடைக்கும். கோட்டை, தேவாலயம், மதில், மாளிகை ஆகியவற்றில் இரண்டை மட்டும் தேர்ந்துகொண்டு, மற்றவற்றைப் பார்க்கவில்லை என்று ஊருக்கு வந்து தைரியமாகச் சொல்லுங்கள். பாலென்கே ஊர் அம்மாளைப் படம் பிடிப்பதானால் முதலில் அனுமதி கேளுங்கள். அவர் கேட்கும் தொகையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.